நூறு அடித்தவரும் நூறாவதைக் கொடுத்தவரும்

பி.காம். படித்தவன் கையில் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் கடைசி வரியைத்தான் பார்ப்பான். டேலி ஆகிறதா? ஆனால் சரி. மெஸ் பில்லோ, கல்யாண மொய் நோட்டோ, மளிகை லிஸ்ட்டோ, எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். இந்த வாரம் அப்படிக் கூட்டிப் பார்த்தது, அறுபது வருடத்துக்கு மேல் பழசான ஓர் அமெரிக்க பாஸ்கெட்பால் ஸ்கோர் கார்டு. கூட்டல் சரியாகவே இருந்தது. விஷயமெல்லாம் கூட்டலுக்கு மேலே இருக்கிற வரிகளில்!

தேதி 1962 மார்ச் 2. இடம் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்கிற சின்ன ஊர். சாக்லெட் ஃபாக்டரியைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. என்.பி.ஏ. ஆட்டம். பிலடெல்பியா வாரியர்ஸ் ஒரு பக்கம், நியூயார்க் நிக்ஸ் இன்னொரு பக்கம். அந்த நாளில் என்.பி.ஏ.வுக்கு இன்றைக்கு இருக்கிற மவுசு கிடையாது. ஆள் சேர்ப்பதற்காகச் சின்ன ஊர்களுக்கும் போய் ஆடுவார்கள், நம் பக்கத்தில் திருவிழாவுக்குத் திருவிழா நாடகக் கம்பெனி போன மாதிரி. அன்றைக்கு வந்தவர்கள் 4,124 பேர். டி.வி. கேமரா இல்லை. கடைசிக் கால் பகுதியின் ரேடியோ வர்ணனை மட்டும் டேப்பில் தப்பிப் பிழைத்தது.

அன்றைக்கு வாரியர்ஸின் வில்ட் சேம்பர்லின் ஒற்றை ஆளாக 100 பாயிண்ட் போட்டார். வயசு 25. உயரம் ஏழடி ஓர் அங்குலம். (காந்திபுரம் டவுன் பஸ்ஸில் ஏற்றினால் இரண்டாக மடித்துத்தான் வைக்க வேண்டும்.) வாரியர்ஸ் 169, நிக்ஸ் 147. இன்று வரை என்.பி.ஏ.வில் ஒரே ஆட்டத்தில் 100-ஐ யாரும் தொடவில்லை. 2006 ஜனவரியில் டொரன்டோவுக்கு எதிராக கோபி பிரையன்ட் 81 போட்டதற்கே உலகம் எழுந்து நின்று கை தட்டியது.

படம் பிடிக்கப்படாத ஆட்டம். ஆகவே, நமக்கு மிச்சம் இருக்கிற சாட்சி இந்தக் காகிதம்தான். கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்கலாமா?

சேம்பர்லின் வரியை முதலில் எடுத்துக்கொள்வோம். கூடையைப் பார்த்து எறிந்தது 63. விழுந்தது 36. மூன்று பாயிண்ட் கோடு என்.பி.ஏ.வுக்கு வந்ததே 1979-80 சீசனில்தான். அதனால் எங்கிருந்து போட்டாலும் இரண்டுதான். 36 இரண்டு 72. ஃப்ரீ த்ரோ 32-க்கு 28. ஆக மொத்தம் 100. டேலி!

48 நிமிட ஆட்டம். மனிதர் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. சராசரியாக 46 செகண்டுக்கு ஒரு தடவை எறிந்திருக்கிறார். 23, 18, 28, 31 என்று நாலு கால் பகுதிக்கும் தவணை கட்டியிருக்கிறார். போதாதற்கு 25 ரீபவுண்ட்.

விழாமல் போனவற்றையும் எண்ணுங்கள். 27. ஒரு ஆள் ஒரே ராத்திரியில் நாலாயிரம் பேர் பார்க்க 27 தடவை தவறவிட்டிருக்கிறார். அதை யாரும் சொல்வதில்லை. நாம் ஒரு இன்டர்வியூவில் சொதப்பினாலே ஒரு வாரம் அன்னம் தண்ணி இறங்குவதில்லை.

அடுத்து அந்த ஃப்ரீ த்ரோ. சேம்பர்லினின் பலவீனமே அதுதான். மொத்த சர்வீஸில் சராசரி 51 சதவீதம். அதாவது, பூவா தலையா போட்டுப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதுதான் வரும். அப்படிப்பட்டவர் 32-க்கு 28 எப்படிப் போட்டார்? அந்த சீசனில் இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, முழங்கால்களுக்கு நடுவிலிருந்து, வாளித் தண்ணீரை வீசி ஊற்றுகிற மாதிரி எறிந்துகொண்டிருந்தார். பார்க்கக் கொஞ்சம் பாட்டித்தனமாக இருக்கும். ஆனால் விழுந்தது. அந்த வருடம் அவர் சராசரி 61 சதவீதம். அவர் வாழ்க்கையிலேயே அதுதான் அதிகம்.

அப்புறம் என்ன செய்தார்? பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அந்த முறையையே விட்டுவிட்டார். 1967-68-ல் சராசரி 38-க்கு இறங்கியது! ஏழடி ஆளுக்கே 'நாலு பேர் என்ன நினைப்பாங்க' என்ற பயம் இருந்திருக்கிறது. அஞ்சே முக்கால் அடியில் இருக்கிற நாமெல்லாம் எம்மாத்திரம்?

சரி, மற்ற வரிகளுக்கு வருவோம். சேம்பர்லினின் நூறைக் கழித்தால் வாரியர்ஸுக்கு மிச்சம் 69. அதில் அல் ஆட்டில்ஸ் என்பவரின் வரி இருக்கிறது பாருங்கள், அது ஒரு கவிதை. எறிந்தது 8, விழுந்தது 8. ஃப்ரீ த்ரோ 1, விழுந்தது 1. மொத்தம் 17. ஒரு எறி வீணாகவில்லை. ஒரு மார்க்கூட விடாமல் சென்டம் வாங்கிய பையன், ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்தவனோடு அதே வகுப்பில் படித்தால் என்ன ஆகும்? போட்டோவில் ஓரமாக நிற்பான். ஆட்டில்ஸ் நின்றார். (பின்னால் அதே வாரியர்ஸுக்குக் கோச் ஆகி 1975-ல் சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்தார். 2024-ல் காலமானார்.)

எதிர்க் கட்சியையும் பாருங்கள். நிக்ஸின் ரிச்சி கெரின் 39, கிளீவ்லாண்ட் பக்னர் 33, வில்லி நால்ஸ் 31. கூட்டினால் 103. மூன்று பேரும் சேர்ந்து சேம்பர்லினை முந்திவிட்டார்கள். மற்ற எந்த ராத்திரியாக இருந்தாலும் கெரினின் 39 தலைப்புச் செய்தி. அன்றைக்குப் பெட்டிச் செய்திக்குக்கூடத் தேறவில்லை.

இன்னொருவர் டாரல் இம்ஹாஃப். சேம்பர்லினைத் தடுக்கச் சொல்லி நிறுத்தப்பட்ட நிக்ஸ் சென்டர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அமெரிக்க அணியில் இருந்தவர். அவர் வரி: 20 நிமிடம், 6 ஃபவுல், வெளியே! அவரை விட்டால், இரண்டு கையை மட்டும் வைத்துக்கொண்டு ரயிலை நிறுத்தச் சொன்ன கதைதான்.

இப்போது கை ராட்ஜர்ஸ். பாயிண்ட் வெறும் 11. கூடை ஒன்றே ஒன்று, பாக்கி 9 ஃப்ரீ த்ரோ. ஆனால் 'அசிஸ்ட்' என்கிற கட்டத்தில் 20 என்று போட்டிருக்கிறது. அசிஸ்ட் என்றால் தெரியும் அல்லவா? நீங்கள் கொடுத்த பந்தை அடுத்தவர் கூடையில் போட்டால், பாயிண்ட் அவருக்கு, அசிஸ்ட் உங்களுக்கு. அன்றைக்கு வாரியர்ஸ் போட்ட 63 கூடையில் 20 இவர் கை தொட்டுக் கொடுத்தது. மூன்றில் ஒன்று! இவரும் 48 நிமிடம் உட்காரவில்லை.

கடைசியாக, எனக்கு ரொம்பப் பிடித்த வரி. ஜோ ரக்லிக். எறிந்தது 1, விழுந்தது 0. ஃப்ரீ த்ரோ 2, விழுந்தது 0. மொத்தப் பாயிண்ட் சைபர். அசிஸ்ட் 1.

அந்த 1 எது தெரியுமா? சேம்பர்லின் 98-ல் நிற்கிறார். கூட்டம் தொண்டை கிழியக் கத்துகிறது. நிக்ஸ்காரர்கள் அவர் கைக்குப் பந்து போகாமல் பார்த்துக்கொள்ள மற்ற எல்லோரையும் ஃபவுல் செய்துகொண்டிருக்கிறார்கள். சேம்பர்லின் போட்டது தவறுகிறது. மறுபடியும் தவறுகிறது. பந்தைப் பிடித்துவந்து ரக்லிக் கையில் கொடுக்கிறார்கள். அவர் அன்றைக்கு ஒரு பாயிண்டும் எடுக்காதவர், பெஞ்சில் இருந்து வந்தவர். தானே போட்டுப் பார்க்கலாம் என்று ஆசை வந்திருந்தால் யார் குறை சொல்ல முடியும்? பந்தை மேலே தூக்கி சேம்பர்லினுக்குக் கொடுத்தார். விழுந்தது. நூறு! ஆட்டம் முடிய இன்னும் 46 செகண்ட் பாக்கி. ஜனங்கள் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள்.

எல்லோரும் சேம்பர்லினைப் பார்த்து ஓடும்போது, ரக்லிக் எங்கே போனார்? நேராக ஸ்கோர் எழுதுகிறவர் மேஜைக்கு. அந்த அசிஸ்ட் தன் பெயரில் ஏறிவிட்டதா என்று பார்க்க!

சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதலில் வந்தது. அப்புறம் யோசித்தால், அவ்வளவு கூச்சலில் அங்கே நிதானமாக இருந்த ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றுகிறது. ரக்லிக் 2020-ல் காலமானார். சைபர் பாயிண்ட் எடுத்த ஒருவரைப் பற்றி கோயமுத்தூரில் உட்கார்ந்து நான் எழுதுகிறேன், நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், அந்தக் கட்டத்தில் இருக்கிற 1-தான் காரணம்.

இதில் இன்னொருவரையும் சேர்க்க வேண்டும். ஹார்வி பொல்லாக். வாரியர்ஸின் விளம்பர அதிகாரி. அன்றைக்கு ஸ்கோர் கணக்கும் அவர் பொறுப்பு, பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்புவதும் அவர் பொறுப்பு. ஆட்டம் முடிந்ததும் ஒரு காகிதத்தில் 100 என்று எழுதி சேம்பர்லின் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்க வைத்தார். இன்றைக்கும் நீங்கள் பார்க்கிற அந்தப் படத்தில் சேம்பர்லின் பிடித்திருப்பது இந்தக் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தைத்தான்.

*

இங்கே ஒரு சங்கதி கவனிக்க வேண்டும். கட்டம் இருந்ததால் ராட்ஜர்ஸின் 20-ம் ரக்லிக்கின் 1-ம் நமக்குக் கிடைத்தன. கட்டம் இல்லாதவை?

எதிரி எறிகிற பந்தை அந்தரத்திலேயே தட்டிவிடுவதற்கு 'பிளாக்' என்று பெயர். அதில் சேம்பர்லினும் பாஸ்டனின் பில் ரஸ்ஸலும் மன்னர்கள். இருவரும் சேர்ந்து எத்தனை பிளாக் செய்தார்கள்? என்.பி.ஏ. ரெக்கார்டில் கிடையாது. பந்தைப் பறிப்பதையும் பிளாக்கையும் அவர்கள் எண்ண ஆரம்பித்ததே 1973-74 சீசனில். சேம்பர்லின் கடைசியாக ஆடியது 1973-ல். ரஸ்ஸல் 1969-லேயே போய்விட்டார். கணக்குப் புத்தகத்தைக் கேட்டால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதிக்கும். தலைப்பு இல்லாத தொகை லெட்ஜரில் ஏறாது. அக்கவுன்டன்சியில் முதல் பாடம் இது.

அமெரிக்காவை விடுங்கள். நம் கோவையில் பாஸ்கெட்பாலுக்குக் குறைச்சலா? பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை என்று அகில இந்திய டோர்னமெண்ட் நடக்கிற ஊர். இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., ரயில்வே, ராணுவம் என்று வந்து இறங்குவார்கள். பலர் நம்மை மாதிரி ஆபீஸ் உத்தியோகம் உள்ளவர்கள்தான். கேலரியில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் எனக்குச் சொன்ன விமர்சனம் இது:

"அந்தக் குட்டைப் பையன் ஒண்ணுகூடப் போடுலீங் தம்பி. ஆனா அவன உக்கார வெச்சுப் பாருங், இவுங்க அத்தன பேரும் கோட்டடிச்ச மாதிரி நின்னுக்குவாங்க."

பெரியவருக்குத் தெரிகிறது. ஸ்கோர் ஷீட்டுக்குத் தெரியாது. சர்வதேச விதிப்படி மேஜையில் எழுதுகிற அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டில் பாயிண்டுக்குக் கட்டம் உண்டு, ஃபவுலுக்கு உண்டு, டைம் அவுட்டுக்கு உண்டு. அசிஸ்ட்டுக்குக் கிடையாது. தனியாக ஆள் போட்டுப் புள்ளிவிவரம் எடுத்தால்தான் உண்டு. எடுக்காத ஆட்டத்தில் நீங்கள் 20 பந்து கொடுத்துவிட்டு ஒரு ஃபவுலும் செய்தால், உங்கள் பெயருக்கு நேரே என்ன இருக்கும்? அந்த ஃபவுல்!

அப்படியே அவினாசி ரோட்டில் வண்டியை விட்டுத் திருப்பூர் போங்கள். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட். எத்தனை பீஸ் தைத்தார் என்று டெய்லர் பேரில் நோட்டில் ஏறும். வெட்டிய துணியை ஜோடி சேர்த்து, திருப்பி, மடித்து, அவர் கை காத்திருக்காமல் நீட்டிக்கொண்டே இருக்கிற ஹெல்பருக்கு? நாள் கூலி. ஹெல்பர் ஒரு நாள் லீவு போட்டால்தான், டெய்லரின் கணக்கில் அந்த ஹெல்பர் எவ்வளவு இருந்தார் என்று தெரியும்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். எகனாமிக்ஸில் பிகூ என்ற பொருளாதார மேதையின் உதாரணம் ஒன்று உண்டு. சம்பளம் கொடுத்து வைத்திருந்த சமையல்காரியை முதலாளி கல்யாணம் செய்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடுமாம்! அதே சமையல், அதே பாத்திரம். சம்பளம் நின்றது, கட்டம் காலி. காலேஜில் இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். கல்யாணமானவர்கள் இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் ஆபீசுக்கு வருவோம். வருஷ முடிவில் அப்ரைசல் பாரம் வருகிறது. எத்தனை ஆர்டர் பிடித்தாய், எவ்வளவு வசூல், எத்தனை ஃபைல் முடித்தாய்? எல்லாம் சேம்பர்லின் கட்டம். ஆடிட் வருகிற வாரம் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து அடுத்தவர் வவுச்சரைத் தேடிக் கொடுத்தவருக்குக் கட்டம் இல்லை. புதுப் பையனுக்கு மூன்று மாதம் வேலை சொல்லிக் கொடுத்தவருக்கு இல்லை. கத்திக்கொண்டு வந்த கஸ்டமரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தவருக்கு இல்லவே இல்லை. அவர் அந்தப் பாரத்தில் ஒரு சைபர். அவர் வேறு கம்பெனிக்குப் போன பிறகுதான், "என்னங்க, ஒண்ணுமே நகர மாட்டேங்குது?" என்று மேனேஜர் கேட்பார்.

கட்டம் இல்லாவிட்டாலும் கூட ஆடுகிறவர்களுக்குத் தெரியும் என்பதற்கு அதே 1961-62 சீசனில் ஓர் ஆதாரம் இருக்கிறது. சேம்பர்லின் அந்த சீசன் முழுக்க ஆட்டத்துக்குச் சராசரி 50.4 பாயிண்ட் போட்டார். ஐம்பது! பில் ரஸ்ஸலின் சராசரி 18.9. அந்த வருடத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று தேர்ந்தெடுப்பது அப்போதெல்லாம் ஆட்டக்காரர்களே போடுகிற ஓட்டு. ஜெயித்தது ரஸ்ஸல். எந்தக் கட்டத்திலும் ஏறாத அந்த பிளாக்குகளை, அடி வாங்கியவர்கள் எண்ணி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

அந்த வருடம் பிளே ஆஃப் சுற்றில் வாரியர்ஸும் ரஸ்ஸலின் பாஸ்டனும் மோதினார்கள். ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது. 107-107 என்று நிற்கும்போது, இரண்டு செகண்ட் மிச்சம் வைத்து சாம் ஜோன்ஸ் என்கிற பாஸ்டன்காரர் ஒன்றைப் போட்டார். வாரியர்ஸ் வெளியே. நூறு போட்ட ராத்திரிக்குக் கோப்பை எதுவும் கூட வரவில்லை.

இதனால் சேம்பர்லின் சின்னவர் ஆகிவிட மாட்டார். 63 தடவை எறியவும் ஒரு ஆள் வேண்டும். ஆபீசிலும் அப்படி ஒருவர் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு 20 தடவை பந்து கொடுத்தவர் யார் என்று எழுதி வைக்க நமக்கு ஒரு செலவும் கிடையாது. டீம் லீடராக இருக்கிற நண்பர்களே, அடுத்த மாத ரிப்போர்ட்டில் கடைசியாக ஒரு வரி சேருங்கள்: 'பந்து கொடுத்தவர் இன்னார்.' மேலதிகாரி படிக்கிறாரோ இல்லையோ, அந்த இன்னார் படிப்பார். சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது விசில் அடித்துக்கொண்டே போவார்.

நீங்களே அந்த இன்னாராக இருந்தால்? யாரோ எழுதுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். பந்தைக் கொடுத்துவிட்டு, கூட்டம் கை தட்டும்போதே, ரக்லிக் மாதிரி அந்த மேஜை வரைக்கும் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. செய்த வேலைக்கு ரசீதுதானே கேட்கிறீர்கள்!

கொசுறு: அன்று ராத்திரி ஆட்டம் முடிந்து சேம்பர்லின் நியூயார்க் வீட்டுக்குத் திரும்பியது எப்படித் தெரியுமா? எதிர் அணியின் வில்லி நால்ஸ் காரில்! 100 வாங்கிக் கட்டிக்கொண்டு, அடித்தவரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார் மனிதர். நால்ஸின் வரியில் 31 பாயிண்ட் என்றுதான் இருக்கிறது. இந்த லிஃப்டுக்குக் கட்டம் இல்லை.